மறுமொழி: ஹோஸ் கிளிப்புக்கு ‘கவ்வி’ வேண்டாம், ‘பூண்’ வைப்பம்

> கார் எஞ்சின்ர வோட்டர் பம்பில ஹோஸை இறுக்கிற கிளிப்புக்கு எங்கட சொற்பட்டியலில ‘குழாய்க்கவ்வி’ எண்டு போட்டிருக்கிறன், ஆருக்கும் மறுப்பிருந்தா சொல்லுங்கோ.

தம்பி, எனக்கு மறுப்பிருக்கு. கவ்வுறதெண்டா ரெண்டு பக்கத்தால பிடிக்கிறது, நாய் கவ்வுறதும் குறடு கவ்வுறதும் அப்பிடித்தான். ஹோஸ் கிளிப் சுத்திவர ஒரேயளவா நெரிக்கோணும், இல்லாட்டித் தண்ணி நிக்காது.

சண்டை நேரம் வடக்குக்குப் பெற்றோல் வராமல் தடை போட்டிருந்த காலத்தில இதைக் கண்ணால கண்டனான். எங்கட மொறிஸ் மைனர் கார் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணிப் பேந்து மண்ணெண்ணெயில ஓடினது, மாங்குளத்தால முறிகண்டிக்குப் போகேக்க பம்புக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற கட்டை பைபாஸ் ஹோஸ் (கை போகாத இடம், அந்தக் கார் வச்சிருந்த ஆக்களுக்குத் தெரியும்) கழண்டு ஒரே ஆவி. கிளிப்புக்கு எங்க போறது, கட்டுக்கம்பியைச் சுத்திக் குறட்டால முறுக்கினம், முறுக்கின இடத்தில கம்பி றப்பரை வெட்டிப்போட்டுது, நேரெதிர்ப் பக்கத்தால நூல் மாதிரித் தண்ணி. பேந்து சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டி இழுத்திழுத்துச் சுத்தி, அதுக்கு மேல கம்பியை நாலு சுத்துப் போட்டாப் பிறகுதான் நிண்டுது.

உலக்கை நுனியில மரம் வெடிக்காமல் சுத்திவர இறுக்கிப் பிடிக்கிற இரும்பு இருக்கெல்லே, அதுதான் பூண். வேலை ஒண்டு, வடிவமும் ஒண்டு. அம்மம்மா ஒருநாளும் ‘வளையம்’ எண்டு சொன்னதில்லை, “பூண் கழண்டுபோச்சு, கொல்லனிட்டக் குடு” எண்டுதான் சொல்லுவா.

பூண் அடிச்சு ஏத்தினா ஏத்தினதுதான், கிளிப்பைத் தளத்தி இறுக்கலாமே எண்டு கேப்பியள். அதுக்குத்தான் முன்னுக்கு ‘புரி’ (திருகாணியில இருக்கிற மரை) சேர்க்கச் சொல்லுறன். கிளிப்பின்ர பட்டியில வரிசையா வெட்டின பள்ளங்களைத் திருகாணியின்ர புரி பிடிச்சு இழுக்குது, அதால புரிப்பூண். பிரித்தானியக் கடற்படையில இருந்த லம்லி றொபின்சன் 1921 இல காப்புரிமை எடுத்த சாமான் இது, அவர் வச்ச ‘ஜுபிலி’ எண்ட பேர்தான் அங்க இண்டைக்கும் பொதுப்பேர். எங்களிட்ட அதுக்கு முன்னமே ஒரு சொல் இருக்கேக்க ஏன் விடுவான்?

பதிவில விளக்கமும் சேருங்கோ: பம்பின்ர கழுத்தில துருத்தின விளிம்பைத் தாண்டி உள்பக்கமா புரிப்பூண் இருக்கோணும், விளிம்புக்கு மேல இருந்தா வழுக்கும். ஹோஸின்ர அந்தத்திலயும் வேண்டாம், கொஞ்சம் உள்ளுக்கு. எஞ்சின் சூடாகி ஆறினாப் பிறகு திருப்பி ஒருக்கா இறுக்கோணும், ஆனா றப்பர் பிதுங்கிற அளவுக்கு இல்லை.

கம்பியால செய்தது கம்பிப்பூண், அதில எனக்குச் சந்தேகமில்லை. தானா இறுகிற வில்லு வகைக்கு ‘விற்பூண்’ எண்டு எழுதினா விக்கிற பூண் எண்டு வாசிச்சுப்போடுவினமோ எண்டு யோசினையாக் கிடக்கு, கராஜில நிக்கிற பெடியள் ‘வில்லுப்பூண்’ எண்டுதான் சொல்லுவங்கள் போல. ரெண்டில எது?