300 கி.மீ. பிரெவேயில் எதை, எவ்வளவு, எப்போது உண்பது?

கடலோரச்சக்கரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி சென்று திரும்பும் 300 கி.மீ. பிரெவேக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுத்திருக்கிறேன். 20 மணி நேரம் அவகாசம் இருப்பதால் வேகத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வயிற்றைப் பற்றித்தான் கவலை. சென்ற பருவத்தில் 200 கி.மீ. ஓட்டியபோது முதல் பாதி சுகமாகப் போயிற்று. மாமல்லபுரத்தில் நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். வெயில் ஏறிய பிறகு வயிறு உப்பிக்கொண்டது. 140 கி.மீ. தாண்டியதும் பாட்டிலில் இருந்த குளுக்கோஸ் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது. அதன்பின் வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு வந்தேன். கடைசி 30 கி.மீ. தலை கனத்து, கால்களில் வலுவே இல்லாமல் கடந்தது.

என் எடை 68 கிலோ, சைவ உணவு. ஆற்றல் ஜெல்களை 15 மணி நேரத்துக்கும் வாங்குவது என் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. வீட்டிலும் சாலையோரக் கடைகளிலும் கிடைப்பதைக் கொண்டே இந்தத் தூரத்தை ஓட்ட முடியுமா, உப்பு எவ்வளவு வேண்டும், இரவில் கடைகள் அடைத்த பிறகு என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மலைப்பாதை எழுதியது:

வணக்கம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சமதரையில் நிதானமாக ஓட்டும்போது நீங்கள் பெடலில் செலுத்தும் திறன் ஏறத்தாழ 120 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 432 கிலோஜூல் வேலை நடக்கிறது. உடல் எரிக்கும் ஆற்றலில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவே பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மீதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஆகவே மணிக்குச் சுமார் 430 கிலோகலோரி செலவாகும். சக்கரம் சுழலும் நேரம் மட்டும் 14 மணி என்றால் மொத்தச் செலவு 6,000 கிலோகலோரி. நன்றாக உண்டு ஓய்வெடுத்த உடலிலும் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து 2,000 கிலோகலோரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பற்றாக்குறையில் ஒரு பெரும்பகுதியை உடற்கொழுப்பு ஈடுகட்டும் என்பது உண்மையே. ஆனால் கொழுப்பு எரியும் வேகத்துக்கு வரம்பு உண்டு என்பதால், எதிர்காற்றில் அழுத்தி மிதிக்கும்போதும் முன்னால் போகும் குழுவை விரட்டிப் பிடிக்கும்போதும் உடல் மாவுச்சத்தையே கேட்கும். 1967இல் ஸ்வீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் குழுவினர் தொடைத் தசையிலிருந்து ஊசி வழியே துணுக்கெடுத்து ஆராய்ந்து, கடும் உழைப்பைத் தாங்கும் நேரம் தசையிலுள்ள கிளைக்கோஜனின் அளவைப் பொறுத்தது என்று காட்டினார்கள். உங்கள் கடைசி 30 கி.மீ.யை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இனி, மணிக்கு எவ்வளவு என்ற கேள்வி. சிறுகுடல் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளும் வழி மணிக்கு 60 கிராம் அளவிலேயே நிரம்பிவிடுகிறது. ஃபிரக்டோஸ் வேறொரு வழியாக உள்ளே போகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அஸ்கர் ஜூகென்ட்ரப் குழுவினர் 2000களில் சைக்கிள் வீரர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், இரண்டையும் கலந்து கொடுத்தால் உடல் இன்னும் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று காட்டின. மணிக்கு 90 கிராம் என்ற பரிந்துரை அப்படித்தான் வந்தது. நம் வேகத்துக்கு அத்தனை தேவையில்லை. மணிக்கு 50 கிராம் தவறாமல் உள்ளே போனால் 14 மணி நேரத்தில் 700 கிராம், அதாவது 2,800 கிலோகலோரி கிடைத்துவிடும்.

குளுக்கோஸ் பொடியை மட்டுமே நம்பி இருந்தது உங்கள் வயிறு உப்பியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நம் வீட்டுச் சர்க்கரையிலேயே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் இருக்கின்றன. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். 750 மி.லி. பாட்டிலில் 45 கிராம் சர்க்கரை போட்டால் 6 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும்; இதைவிட மிகவும் கெட்டியாக்கினால் இரைப்பையில் தேங்கும். தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அந்த அளவுக்கு ஒரு கிண்ணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராமும் இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராமும் மாவுச்சத்து இருக்கும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஏற்றது. கடலைமிட்டாய் எனக்கும் பிடித்த பண்டம்தான். ஆனால் அதிலுள்ள கொழுப்பு மெதுவாகவே செரிக்கும் என்பதால் அதைக் காலைக் குளிர்ச்சிக்கு மட்டும் ஒதுக்குவேன். நெய்ப்பொங்கலுக்கும் வடைக்கும் அதே நியாயம்: வெயிலில் இரத்தம் தோலுக்கும் கால்களுக்கும் பங்கிடப்படும்போது குடலுக்குக் குறைவாகவே வந்து சேர்கிறது, அந்த நேரத்தில் நெய்யைச் செரிக்கச் சொல்வது வயிற்றுக்குச் செய்யும் கொடுமை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பசிக்கு முன்பே தொடங்குவது. கிளம்பிய அரை மணிக்குள் முதல் வாய், அதன்பின் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை சிறிதளவு. கைக்கடிகாரத்தில் ஒலி வைத்துக்கொண்டால் மறக்காது.

உப்பளக்காற்று எழுதியது:

மருத்துவத் துறையில் இருப்பதால் தண்ணீரையும் உப்பையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி, “வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டு வந்தேன்” என்பது. தலை கனம், குமட்டல் ஆகியவை நீர் வற்றினாலும் வரும். மிதமிஞ்சி வெறும் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போனாலும் வரும். இரண்டாவது நிலை ஆபத்தானது. மோதிரம் இறுகுவது, கைவிரல்கள் வீங்குவது, கிளம்பியதைவிட எடை கூடியிருப்பது, பேச்சு குழறுவது ஆகியவற்றைக் கண்டால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வலிக்காக இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அவை சிறுநீரகத்தைப் பாதிப்பதோடு இந்த ஆபத்தையும் கூட்டுகின்றன. தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. நீங்கள் பங்கேற்கப்போகும் நேரத்து வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் உடைகளின்றி எடை பாருங்கள். இடையில் எதுவும் குடிக்கவில்லை என்றால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. சென்னையின் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வெளியேறுவது அரிதல்ல. அத்தனையையும் உடனுக்குடன் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. தாகத்தைக் கேட்டுக் குடித்து, உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல், உங்களுக்கு 1.4 கிலோ, குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு லிட்டர் வியர்வையில் வெளியேறும் சோடியம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். பலருக்கு அது 500 முதல் 1,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். சட்டையில் வெண்மையாக உப்புப் பூக்கிறதென்றால் உங்களுக்குக் கூடுதல் இழப்பு என்று கொள்ளலாம். மேலே நண்பர் சொன்ன 750 மி.லி. கரைசலில் கால் தேக்கரண்டி, அதாவது 1.5 கிராம் உப்புச் சேர்த்தால் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் குடிக்கச் சுகமாக இருக்கும். இளநீர் நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அதோடு உப்பு போட்ட எதையாவது சாப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி வரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சிலர் நாள் முழுவதும் குடிக்கிறார்கள். அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அவசரத்துக்கு ஒன்றிரண்டைப் பையில் வைத்திருங்கள், உணவாக எண்ணிவிடாதீர்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்த அளவுகளைத் தம் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

பின்னிரவு எழுதியது:

தம்பி, மேலே இருவரும் சொன்ன எண்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 8 மணி நேரத்துக்கு மேல் எந்த மனிதனாலும் இனிப்பை மட்டுமே விழுங்கிக்கொண்டிருக்க முடியாது; நாக்கு மறுத்துவிடும். பிரெவே என்பது போட்டி அல்ல, கன்ட்ரோலில், அதாவது வழியில் வருகையைப் பதியும் இடத்தில், 20 நிமிடம் உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறது. புதுச்சேரியில் உட்கார்ந்து, குழைய வடித்த தயிர்சாதத்தை உப்புப் போட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு பாதி வயிற்றுக்குச் சாப்பிடுங்கள். பொரியலும் அப்பளமும் வேண்டாம். சாப்பிட்டு எழுந்ததும் முதல் அரை மணி நேரம் மெதுவாக மிதித்தால், அந்தச் சோறு அடுத்த 40 கி.மீ.க்குத் துணை வரும். 1891இல் தொடங்கி இன்றும் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பிரெஞ்சு நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில், 1,200 கி.மீ.யை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டியவர்கள்கூட கன்ட்ரோல்களில் தட்டு நிறைய உணவு வாங்கி உட்கார்ந்து உண்கிறார்கள்.

இரவைப் பொறுத்தவரை கடையை நம்பவே கூடாது. திரும்பும் வழியில் மரக்காணத்துக்குள் நுழையும்போதே அடுத்த 4 மணி நேரத்துக்கு வேண்டியது கையில் இருக்க வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து உப்பும் மிளகும் தூவிக் கொண்டுவந்தால், இனிப்பு கசந்துபோன நேரத்திலும் உள்ளே இறங்கும். காபி குடிப்பதானால் கண் சொக்கத் தொடங்கும் நேரத்துக்காக வைத்திருங்கள். காலையிலிருந்து கடைக்குக் கடை குடித்துவந்தால் அந்த நேரத்தில் அதனால் பயன் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு வருகிறதென்றால் காபியையும் நம்பாமல் வெளிச்சமான இடத்தில் 15 நிமிடம் தூங்குங்கள்.

கடலோரச்சக்கரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படித் திட்டமிடுகிறேன்: காலை 6 மணிக்குக் கிளம்புவதால் 4 மணிக்கு 5 இட்லி, சட்னி குறைவாக, ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் சேர்த்த சர்க்கரைக் கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர், மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது அதற்கு ஈடாகப் பேரீச்சை, புதுச்சேரியில் தயிர்சாதம், இரவுக்கு உருளைக்கிழங்கு. முந்தைய நாள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டுமா, பின்னிரவு அண்ணா?

பின்னிரவு எழுதியது:

ஒரே வேளையில் வயிறு புடைக்கச் சாப்பிடுவதால் நன்மை இல்லை, தூக்கம்தான் கெடும். முந்தைய இரண்டு நாட்களிலும் தட்டில் சோற்றின் பங்கைக் கூட்டி, எண்ணெயையும் கீரை, சுண்டல் போன்ற நார் மிகுந்தவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கோஜன் தன்னோடு தண்ணீரையும் சேர்த்து வைப்பதால் எடை ஒரு கிலோ கூடினால் பதற வேண்டாம்.

மலைப்பாதை எழுதியது:

திட்டம் நன்று, ஒரே ஒரு சேர்க்கை. வயிறும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வரும் வாரங்களின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் இதே கரைசலையும் இதே பழத்தையும் இதே இடைவெளியில் உண்டு பாருங்கள். முதலில் மணிக்கு 35 கிராமில் தொடங்கி வாரத்துக்குச் சிறிது கூட்டி 50க்கு வாருங்கள். ஒவ்வொரு முறை சர்க்கரைக் கரைசலைக் குடித்ததும் இரண்டாவது பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு வெறும் தண்ணீரால் வாயை அலசிக்கொண்டால் பற்களுக்கும் நல்லது, திகட்டலும் குறையும். பிரெவே அன்று காலையில் யாராவது புதிய பொடி எதையாவது நீட்டினால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.