வரவேற்பறைச் சுவரில் கபுகி நடிகர்கள்: மூலப் படமா, மறு அச்சா?

கேள்வி (கிழக்குச் சன்னல்)

அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் புதிய அடுக்ககத்துக்குக் குடிமாறியதும், ஜப்பானிய மரபு நாடகமான கபுகியின் நடிகர்களைக் காட்டும் மர அச்சுப் படங்களை வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்ற நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொள்ள முனைந்தேன். ஜிம்போச்சோவில் உள்ள பழைய புத்தகக் கடையொன்றில், ஓவியர் குனிச்சிக்கா கையொப்பமிட்ட மூன்று தாள் படம் ஒன்று கிடைத்தது. நடுத்தாளில் நிற்பவரின் முகமெங்கும் சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. கப்பலின் பாய்போல விரிந்த செங்கல் நிறக் கைப்பகுதியில், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வெள்ளைச் சதுரங்கள் உள்ளன. பெயர்க் கட்டத்தில் இச்சிகாவா டான்ஜூரோ என்று இருப்பதாகக் கடைக்காரர் படித்துச் சொன்னார். ஓரங்கள் நறுக்கப்பட்டுவிட்டதால் ஆண்டு தெரியவில்லை.

அறை கிழக்கு நோக்கியது. காலை பத்து மணி வரை வெயில் அந்தச் சுவரில்தான் விழுகிறது. இப்படத்தை அங்கே மாட்டலாமா? அல்லது பழைய ஓவியர் ஷராக்குவின் நடிகர் படங்களில், இப்போது கையால் மறு அச்சிடப்படுபவற்றை வாங்கி மாட்டுவது நல்லதா? ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கிய சுவரொட்டிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. என் மூன்று தாள் படத்தில் நிற்பவர் யார் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் (மரமல்லி)

மூன்று சதுரங்கள், டான்ஜூரோ என்ற மேடைப்பெயரை வழிவழியாக ஏற்கும் நடிகர் மரபினரின் இலச்சினை. நீங்கள் விவரிக்கும் உடையும் முகக் கோடுகளும் 'ஷிபாராக்கு' நாடகத்தின் நாயகனுக்கு உரியவை. அப்பாவிகளைக் கொல்ல வாள் ஓங்கப்படும் நேரத்தில், பார்வையாளர்களின் ஊடே செல்லும் நடைமேடையிலிருந்து "பொறுங்கள்!" என்று முழங்கிக்கொண்டு அவன் வருவான். அந்த முழக்கமே நாடகத்துக்குப் பெயராயிற்று.

காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். எட்டாம் டான்ஜூரோ 1854இல் ஒசாக்காவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் 1874 வரை அந்தப் பெயரை எவரும் ஏற்கவில்லை. குனிச்சிக்கா பிறந்தது 1835இல், மறைந்தது 1900இல். ஆகவே வரையப்பட்ட காலத்திலேயே நடந்த மேடையேற்றத்தைக் காட்டும் படமாயின், உங்களிடம் இருப்பவர் ஒன்பதாம் டான்ஜூரோவாகத்தான் இருப்பார். வாசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் தன் நடிகர் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே தேடினால், ஓரம் நறுக்கப்படாத பிரதி ஒன்று கிடைத்து, ஆண்டும் மாதமும் தெரியவரக்கூடும். எந்த மேடையேற்றம் என்று தெரிந்துகொண்டு மாட்டிய படத்தை நாம் பார்க்கும் பார்வையே வேறு. அதற்காக ஒரு மாலையைச் செலவிடத் தயங்காதீர்கள்.

வெயில் விழும் சுவரில் மட்டும் இதை மாட்டவே வேண்டாம். மெய்ஜி காலத்துச் (1868–1912) சிவப்பு பெரும்பாலும் இறக்குமதியான செயற்கைச் சாயம். அது வெளிச்சத்தில் வெளிறும், ஈரம் பட்டால் கசியும். உங்கள் படத்தின் முகமே சிவப்புக் கோடுகளால் ஆனது என்பதால், அவை வெளிறிப்போனால் முகத்தில் உள்ள சினமும் போய்விடும். அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிலான மங்கலான ஒளியில், அதுவும் சில வாரங்களுக்கு மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன.

பதில் (கோந்துக்காரர்)

மரமல்லி அவர்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் வாங்கிய படத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிய அடுக்ககங்களில் வாசல் கதவுக்கும் அறைக்கும் இடையே சன்னலில்லாத ஒரு சிறு நடை இருக்குமே, அங்கே மாட்டுங்கள். ஆண்டில் இரண்டு மாதம் மாட்டி வைத்துவிட்டு, மழைக்காலம் தொடங்குமுன் கழற்றி, அமிலமற்ற உறையில் தட்டையாக வைத்துவிடலாம். மூன்று தாள்களையும் ஒன்றாகவே வையுங்கள்.

சட்டம் போடும்போது கவனமாக இருங்கள். ஒருமுறை என்னிடமிருந்த நடிகர் படமொன்றைச் சட்டம் போடக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அழகாகத்தான் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தால், பின்புறம் ஒட்டுநாடா ஒட்டிய இடமெல்லாம் பழுப்பேறி, நடிகரின் தோள் வரை கறை ஊடுருவியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கீல்போல மடித்து, கோதுமை மாவுப்பசை தடவி, மேல் விளிம்பில் இரண்டே இடங்களில் ஒட்டச் சொல்லுங்கள். படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு இருக்க வேண்டும். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்கட்டும்.

பதில் (காக்காப்பொன்)

வெயில் சுவருக்கு ஷராக்குவின் கை அச்சையே பரிந்துரைக்கிறேன். அதுவும் தாளும் சாயமும்தான் என்பதால் காலை வேளையில் திரையை இழுத்துவிடுங்கள்; வெளிறினாலும் இன்னொன்று அச்சிட முடியும் என்ற ஆறுதலாவது உண்டு. டோக்கியோவிலேயே அடாச்சி நிறுவனத்தில் செதுக்குவோரும் அச்சிடுவோரும் இன்றும் பழைய முறையிலேயே இவற்றைச் செய்கிறார்கள். ஷராக்கு இயங்கியது 1794 மே மாதம் தொடங்கிப் பத்தே மாதங்கள். பதிப்பாளர் த்சுத்தாயா ஜூசபுரோ முதலில் வெளியிட்ட 28 படங்களுக்கும் பின்புலம் கருமை தோய்ந்த அபிரகப் பொடி. தாளைக் கையில் எடுத்துச் சற்றே சாய்த்தால், முகத்துக்குப் பின்னால் இருட்டு மெல்ல மினுங்கும். மறுபுறம் திருப்பினால், அச்சிட்டவர் மூங்கில் தண்டின் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் அழுத்திய சுவடு தெரியும். சுவரொட்டியில் இந்த மினுக்கம் வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. மேலும், 39க்கு 26 சென்டிமீட்டர் அளவில், கையில் ஏந்திப் பார்க்கச் செதுக்கிய நெற்றி மயிரிழைகளை ஒரு மீட்டருக்குப் பெரிதாக்கினால் அவை கயிறுகளாகத் தடித்துவிடும். அதை வாங்காதீர்கள்.

இரண்டு படங்கள் வாங்க இயலுமானால், மூன்றாம் ஓத்தானி ஓனிஜி நடித்த எதோபெய்யையும், முதலாம் இச்சிகாவா ஓமெசோ நடித்த இப்பேயையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே நாடகத்தின் பாத்திரங்கள்: முன்னவன் பணத்தைப் பறிக்க வருகிறான், பின்னவன் அதைக் காக்க வாளை உருவுகிறான். ஓனிஜியின் விரிந்த விரல்களைத் தனியே பார்ப்பவர்களுக்கு அவை எதை நோக்கி நீள்கின்றன என்பதே தெரிவதில்லை.

கிழக்குச் சன்னல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டான்ஜூரோவை நடையில் மாட்டுகிறேன். ஓனிஜியையும் ஓமெசோவையும் சேர்த்தே வாங்குகிறேன். இருவரில் யாரை எந்தப் பக்கம் வைப்பது?

காக்காப்பொன்

ஓனிஜி வலப்புறம், ஓமெசோ இடப்புறம். அப்போதுதான் இருவரும் ஒருவரையொருவர் முறைப்பார்கள். இடைவெளி ஒரு சாண் போதும், உயரம் நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் கண்மட்டத்துக்கு இருக்கட்டும். விளக்கை மேலிருந்து போடாமல் பக்கவாட்டில் தாழ வையுங்கள்; மாலையில் நீங்கள் அறையைக் கடந்து போகும்போது அபிரகம் தானாக மினுங்கும்.