மாட்டுக்கொட்டகையை கார் பட்டறையாக மாற்றுகிறேன்: பிட் தோண்டலாமா?

பழையவண்டி:

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை இருக்கிறது. மாடுகளை விற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது விறகும் உடைந்த சாமான்களும்தான் உள்ளே கிடக்கின்றன. அதைக் காலி செய்து, என் காரை நானே பிரித்து மாட்ட ஒரு சின்னப் பட்டறையாக மாற்றப் போகிறேன். கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. எதற்கு முதலில் செலவழிப்பது என்று தெரியவில்லை.

உள் அளவு 21 அடி நீளம், 12 அடி அகலம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இறவாணத்தில் 7 அடி உயரம், முகட்டில் 10 அடி. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதில் மூன்று விரிசல் விட்டிருக்கின்றன. தரை பழைய சிமென்ட். நடுவில் நீளவாக்கில் கோமியம் ஓடும் வாய்க்கால், அதை ஒட்டி வெடிப்புகள். கரண்டுக்கு வீட்டிலிருந்து 60 அடி தூரம் இழுத்த ஒற்றை ஒயர், அதில் ஒரு பல்பு.

கார் 25 வருடப் பழசு. 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்வேன். அடுத்து கிளட்ச் மாற்ற வேண்டும், அடியில் துருப்பிடித்த இடங்களில் வெல்டிங்கும் இருக்கிறது. காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வைக்க உயரம் போதாது. வாய்க்கால் ஏற்கெனவே இருப்பதால் அதையே அகலமாக்கி பிட், அதாவது காருக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம், கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?

---

நாலுசக்கரம்:

தம்பி, பிட் வேண்டாம். நான் கட்டி, பயன்படுத்தி, கடைசியில் மூடியவன் என்பதால் சொல்கிறேன்.

என்னுடையது வைக்கோல் போட்டு வைத்திருந்த ஷெட். உங்கள் அளவுதான் இருக்கும். 5 அடி ஆழத்தில் பிட் தோண்டி, செங்கல் கட்டி, உள்ளே பூசி, படியும் வைத்தேன். முதல் மழைக்கே ஒன்றரை அடி தண்ணீர் ஊறியது. பம்ப் வைத்து இறைத்துவிட்டு, இதைச் சமாளித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். என்னை மாற்றியது வேறொரு நாள்.

ஃபியூயல் ஃபில்டர் மாற்றுவதற்காக பிட்டுக்குள் நின்றுகொண்டு பைப்பைக் கழற்றினேன். பைப்பில் மிச்சம் இருந்த பெட்ரோல், அரை டம்ளர்கூட இருக்காது, கையில் வழிந்து கீழே சிந்தியது. துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசனை நின்றுவிட்டது. ஆவி கலைந்துவிட்டது என்று நம்பினேன். அது கலையவில்லை, என் மூக்குதான் பழகிப்போயிருந்தது. தலை லேசாகச் சுற்றவே மேலே ஏறி வந்தேன். திரும்பிப் பார்த்தால், நான் நின்ற இடத்தில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு கண்ணாடி பல்பு எரிந்தபடி தொங்குகிறது. ஒரு ஸ்பேனர் கைதவறி அதன்மேல் விழுந்திருந்தால் போதும். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெரிய பட்டறைகளில் பிட்டின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஏற்பாடு செய்திருப்பார்கள். நம் மாதிரி குறைந்த செலவில் கட்டுகிற இடத்தில் அதெல்லாம் நடக்காது.

பிட்டுக்கு ஆகும் காசைத் தரையில் போடுங்கள். நல்ல தரை, தூக்கிய காரைத் தாங்கி நிற்க நாலு நல்ல ஸ்டாண்டு, கனமான ஒரு ஜாக்கி, படுத்தபடி நகரச் சக்கரம் வைத்த பலகை. கார் ஒன்றரை அடி உயர்ந்தால் கியர்பாக்ஸையே இறக்கலாம். நான் இறக்கியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் தலையை உள்ளே விட வேண்டும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடியில் வைக்கவே கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், உடையும்போது சொல்லாமல் உடையும்.

இனி தரை. உடைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிச் சதுரமாக பாலிதீன் ஷீட் வெட்டி, தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் உரித்துப் பாருங்கள். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தத் தரைமேல் எவ்வளவு விலை உயர்ந்த எபாக்ஸி பெயின்ட் அடித்தாலும் உரிந்து வந்துவிடும். மூன்று நாலு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். கூடவே சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக்கென்று வெற்றாகக் கேட்கும் இடத்தில் அடியில் மண் இறங்கிவிட்டது. ஸ்டாண்டின் கால் அங்கேதான் உள்ளே போகும்.

காரை எங்கே நிறுத்துவது என்பதை இப்போதே சாக்பீஸால் தரையில் வரைந்துவிடுங்கள். நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு மூன்றேகால் அடிதான் வரும். கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து வேலை செய்ய இரண்டு பக்கமும் இடிக்கும். ஒரு பக்கம் இரண்டரை அடி விட்டு, மறுபக்கம் நாலடி எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய பக்கத்தில் வேலை வரும்போது காரைத் திருப்பி நிறுத்திக்கொள்ளலாம். பெஞ்சை முன்பக்கச் சுவரை ஒட்டிப் போடுங்கள். வரைந்த கோட்டுக்குள் ஒரு ஸ்டூலை வைத்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, நீளமான ஸ்பேனரைக் கையில் பிடித்து வீசிப் பாருங்கள். முழங்கை சுவரில் இடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நான் இதைச் செய்யாமல் ரேக்கைச் சுவரில் அடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினேன்.

---

மின்கம்பி:

அண்ணா, நான் வயரிங் வேலை செய்பவன். நாலுசக்கரம் அண்ணன் சொன்னதோடு கரண்டையும் முதல் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை ஒயரைக் கழற்றிவிடுங்கள். அதில் வெல்டிங் மெஷின் மாட்டினால் ஒயர் சூடேறி உருகும்.

வீட்டு மெயின் போர்டிலிருந்து பட்டறைக்கென்று தனி லைன் எடுக்க வேண்டும். 60 அடிக்கு 6 ஸ்கொயர் எம்.எம். காப்பர், மேலே கவசம் போட்ட கேபிள், பெரும்பாலும் போதும். உங்கள் வெல்டிங் மெஷினும் கம்ப்ரஸரும் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்று அதன் தகட்டில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேபிளை இரண்டடி ஆழத்தில் புதைத்து, மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடினால் பின்னால் யாராவது மண்வெட்டி போட்டாலும் தப்பிக்கும். கொட்டகைக்குள் தனி போர்டு. அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம் வேண்டும். ஈரத் தரையில் முட்டி போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான். எர்த்தையும் சோதித்து வாங்கிவிடுங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பிளக் பாயின்ட்கூட வேண்டாம். பெட்ரோல் ஆவி தேங்கும் உயரம் அதுதான். நான் நாலடி உயரத்தில்தான் வைப்பேன். பேட்டரி சார்ஜ் போடும்போது வரும் ஹைட்ரஜன் இதற்கு நேர்மாறாக மேலே ஏறும். அதனால் முகட்டுப் பக்கம் ஒரு ஜன்னலோ ஓட்டையோ திறந்தே இருக்கட்டும், அடியிலும் ஒன்று வையுங்கள்.

டியூப் லைட்டை நடுவில் மாட்டாதீர்கள். பானெட்டைத் தூக்கினால் வெளிச்சமெல்லாம் அதன் முதுகில் விழும், என்ஜின் இருட்டில் கிடக்கும். காரின் இரண்டு பக்கவாட்டிலும், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நீளவாக்கில் வரிசையாக எல்.இ.டி. டியூப் போடுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் காரின் அடிவரை போகும்.

---

பழையவண்டி:

எல்லோருக்கும் நன்றி. பிட் யோசனையை விட்டுவிட்டேன். அந்த பல்பு கதையைப் படித்த பிறகு மனசு வரவில்லை.

நேற்று மூன்று இடத்தில் பாலிதீன் ஒட்டினேன். இன்று காலை உரித்தேன். சுவர் ஓரத்தில் ஒட்டிய இரண்டும் காய்ந்தே இருந்தன. வாய்க்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிய மூன்றாவதில் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி. ஷீட்டைத் தூக்கியதும் துளிகள் ஓடி ஒன்று சேர்ந்து என் மணிக்கட்டில் வழிந்தன. அந்த இரண்டடிச் சதுரம் மட்டும் ஈரக் களிமண் நிறத்தில் இருந்தது.

இன்னொரு பிரச்சினையும் கண்ணில் பட்டது. சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தேய்த்துவிட்டு சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் போதுமா? கூரை ஷீட்டையும் நானே ஏறி மாற்றிவிடலாமா?

---

செங்கல்சுண்ணாம்பு:

நானும் என் கணவரும் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறோம். மாடு கட்டிய இடத்தில் இது வருவதுதான் தம்பி. பல வருடம் கோமியம் ஊறி, நைட்ரேட் உப்பு செங்கல்லுக்குள் இறங்கியிருக்கும். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கூடவே செங்கல்லின் மேல்தோலையும் பெயர்த்துவிடும்.

உப்புப் பூத்த உயரத்துக்கு மேல் ஒரு அடி சேர்த்து, நாலடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். உலர்ந்த பிரஷால் பெருக்குங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். சில மாதம் அப்படியே சுவரை மூச்சுவிட விடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். சில வருடம் கழித்து அந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு உதிரும், மறுபடி பூச வேண்டியிருக்கும். சுவர் தப்பிக்கும். பெஞ்சையும் ரேக்கையும் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி, காலில் நிறுத்துங்கள், ஸ்பேனர்கள் துருப்பிடிக்காது.

கூரை மேல் ஏறவே ஏறாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காது, கால் வைத்த இடத்தில் விட்டுவிடும். அதைத் துளைப்பது, அறுப்பது, பாசி போகட்டும் என்று தேய்ப்பது, எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். துணி முகமூடி அதைத் தடுக்காது. நல்ல ஷீட்டுகளைத் தொடாமல் விடுங்கள். விரிசல் விட்ட மூன்றையும், இந்த வேலை தெரிந்தவர்களை வைத்து, நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, பாலிதீனில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். செலவு வரும், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கைமரங்களைக் கரையான் அரித்திருக்கிறதா என்று ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அவை நன்றாகவே இருந்தாலும் அதில் செயின் போட்டு என்ஜினைத் தொங்கவிடாதீர்கள். தரையில் நிற்கும் கிரேனை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

---

நாலுசக்கரம்:

சோதனை நன்றாகப் பேசியிருக்கிறது. அப்படியானால் தரையை முழுக்க உடைக்க வேண்டும், ஒட்டு வேலை நிற்காது.

வாய்க்காலை ஒட்டிய ஊறிப்போன மண்ணை அரை அடி வெட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். ஜல்லி பரப்பி, திமிசு போட்டு இறுக்குங்கள். மேலே மெல்லிய மணல், அதன்மேல் கனமான பாலிதீன் ஷீட், சுவர் ஓரத்தில் ஒரு சாண் மடித்து ஏற்றி. பிறகு கான்கிரீட். உங்கள் தரை 252 சதுர அடி. நாலு அங்குலத்துக்கு 84 கன அடி ஆகும், ஐந்து அங்குலத்துக்கு 105. கார் நிற்கும் பகுதிக்கு மட்டும் ஐந்து கொடுத்தால் போதும். கம்பி வலையை மண்மேல் போட்டு கொட்டிவிடுவார்கள், அப்படி விட்டால் அதனால் பிரயோஜனம் இல்லை. கட்டை வைத்துத் தூக்கி, தளத்தின் மேல்பாதியில் நிற்க வையுங்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள். நாலு சக்கரமும் நிற்கும் இடம் டியூப் லெவல் வைத்து மட்டமாக இருக்கட்டும், கதவை ஒட்டிய மூன்றடி மட்டும் வெளிப்பக்கம் சரியட்டும். ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். 28 நாள் ஆகாமல் ஸ்டாண்டில் காரை ஏற்ற வேண்டாம்.

ஓடும் என்ஜினை உள்ளே வைத்துக் கேட்பதும் வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

---

பழையவண்டி:

இந்த வாரம் விறகை வெளியேற்றிவிட்டேன். ஷீட் இறக்க ஆள் பேசியாகிவிட்டது. அது முடிந்ததும் தரையை உடைக்கிறோம். கேபிளும் தரையும் இந்த வருடம், கம்ப்ரஸர் அடுத்த வருடம். ஒரே ஒரு சந்தேகம்: உடைத்த பழைய சிமென்ட் துண்டுகளை ஜல்லிக்குப் பதிலாக அடியில் போடலாமா?

---

நாலுசக்கரம்:

சுவர் ஓரத்துத் துண்டுகளை எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடலாம், நன்றாக இறுகும், ஜல்லிச் செலவில் பாதி மிச்சமாகும். வாய்க்கால் துண்டுகளையும் அதன் இரண்டு பக்கத்து இரண்டடியையும் சேர்க்காதீர்கள், அதில்தான் உப்பு முழுக்க இருக்கிறது. உடைக்கும்போதே இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள், பிறகு பிரிக்க முடியாது.