பழைய தோட்டாப் பெட்டி எந்தக் காலத்தது?

கேள்வி: ரெமிங்டன் யூஎம்சி என்று அச்சிட்ட .22 (அங்குலத்தில் தோட்டா விட்டம்) அட்டைப்பெட்டி, 50 தோட்டாவுக்கானது, காலி. முகவரியில் ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இல்லை. 'கிளீன்போர்' என்றும் இல்லை. காலம் என்னவாக இருக்கும்?

பதில் 1: துப்பாக்கி செய்த ரெமிங்டன், தோட்டா செய்த யூஎம்சி என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் 1912-ல் இணைந்தன; கூட்டுப்பெயர் இருப்பதால் அதற்கு முந்தையதல்ல. துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க விடாத கிளீன்போர் வகைத் தோட்டா 1926-ல் வந்தது. ஆகவே 1912-க்கும் 1920-களின் பிற்பகுதிக்கும் இடையே என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ரெமிங்டனைப் பின்னர் வாங்கிய 'டுபான்ட்' நிறுவனத்தின் பெயர் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அது 1933-க்குப் பிந்தையது.

பதில் 2: ஜிப் எண் 1963-ல்தான் வந்தது, அது இல்லாததால் பெரிதாக எதுவும் தெரியாது. இருக்கும் அடையாளத்தை நம்புங்கள், இல்லாததை அல்ல. அச்சிட்டு மிஞ்சிய அட்டையையும் ஆலைகள் தீரும்வரை பயன்படுத்தும்.

பதில் 3: விலை பேசுமுன் புற ஊதா விளக்கில் பாருங்கள் சார். 1950-க்கு முந்தைய காகிதம் மங்கலாகவே இருக்கும். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் மறுஅச்சு என்று சந்தேகிக்கலாம். மூடியும் அடியும் தனித்தனி என்றால், இரண்டின் நிறமும் விளிம்புத் தேய்மானமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறு பெட்டியின் மூடியைப் பொருத்தி விற்பது சகஜம். கிழிந்த சீல் தாளை ஒட்டாதீர்கள்; செல்லோடேப் பசை மஞ்சளாகி அச்சையே கெடுத்துவிடும்.