ரோஸ் பெயிண்ட் அடிச்சா பையன் கோவம் கொறையுமா?

காரிமங்கலத்தான்: வீட்டுக்கு பட்டி பாத்து பிரைமர் அடிச்சாச்சு. பையன் பத்தாவது படிக்கிறான், எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். அவன் ரூமுக்கு ரோஸ் அடி, சாந்தமாயிடுவான், அமெரிக்கால ஜெயிலுக்கே அடிச்சிருக்கான்னு மச்சான் சொல்றான். பெயின்டர் நாளைக்கு ஷேட் நம்பர் கேக்கறாரு, என்னாங்க பண்ணலாம்?

தகடூரான்: மச்சான் சொன்னது பாதி நெசம்ங்க. 1979ல சியாட்டில் கடற்படை ஜெயில்ல ஒரு செல்லுக்கு ரோஸ் அடிச்சாங்க, அலெக்சாண்டர் ஷாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்லி. அங்க இருந்த ரெண்டு அதிகாரிங்க பேர வச்சு பேக்கர்-மில்லர் பிங்க்னு பேரும் வச்சாங்க. மீதிய மச்சான் படிக்கல போல. சுவிட்சர்லாந்து ஜெயில்ல 59 கைதிங்கள ரோஸ் ரூம், சாதா ரூம்னு பிரிச்சு வச்சுப் பாத்து 2015ல எழுதினாங்க, கோவத்துல ஒரு வித்தியாசமும் இல்ல.

பர்கூர்அக்கா: ஜெயில விடு தம்பி, எங்க மாமியார் வீட்டு நடு ரூம் கரும்பச்சை, ஒரே ஒரு சின்ன ஜன்னல், மத்தியானமே லைட் போடணும், அதுல அரை மணி நேரம் உக்காந்தா எனக்கே யாரையாவது திட்டணும் போல இருக்கும், அப்ப மட்டும் கலர் வேலை செய்யலையா?

தகடூரான்: அது வெளிச்சம் பத்தாத கொறை அக்கா. அடர் கலர் வெளிச்சத்த முழுங்கிடும்.

பர்கூர்அக்கா: அப்ப ஆபரேஷன் தியேட்டர்ல எதுக்கு பச்சை? மனசுக்குத்தானே?

தகடூரான்: கண்ணுக்கு. 1914லயே சான் ஃபிரான்சிஸ்கோல ஹாரி ஷெர்மன்னு ஒரு சர்ஜன், வெள்ள ஆபரேஷன் ரூம் கண்ணு கூசுதுன்னு பச்சைக்கு மாறினாரு. ரத்தச் செவப்பையே பாத்துட்டு வெள்ளைய பாத்தா பச்சையா ஒரு நெழல் மெதக்கும், செவுரும் துணியும் பச்சையா இருந்தா அது தெரியாது.

பர்கூர்அக்கா: கண்ணு கூசுனா மனசு மட்டும் நல்லாவா இருக்கும்? ரெண்டையும் தனித்தனியா கழட்டி வச்சுட்டு பேசுற. நம்மூர்ல ஏப்ரல் வெயில்ல அலைஞ்சுட்டு வந்து வெளிர் நீல ரூம்ல உக்காந்து பாரு, அப்பறம் வா.

தகடூரான்: ஃபேன் போட்டிருப்பீங்க 😄

ஷேட்கார்டு: நான் பெயிண்ட் வேலை பாக்கறவன். கார்ட்ல பாத்த ரோஸ் நாலு செவுத்துல ஏறுனா ரெண்டு மடங்கு அழுத்தமா தெரியும். பாதிப்பேரு அதனாலதான் கடுப்பாயி மறுபடி கூப்புடறாங்க. ஒரு செவுத்துல ரெண்டு அடிக்கு சாம்பிள் அடிச்சு காலைலயும் டியூப்லைட்லயும் பாருங்க. ஆமா, பையன கேட்டீங்களா?

காரிமங்கலத்தான்: இப்பதான் கேட்டேன். கருப்பு வேணுமாம்.

ஷேட்கார்டு: அண்ணே, பின்னாடி வெள்ளைக்கு மாத்தணும்னா மூணு கோட்டாவது போவும், இப்பவே சொல்லிட்டேன்.

பர்கூர்அக்கா: ஒரு செவுத்துக்கு மட்டும் அடிச்சு குடுங்க, ரெண்டு நாள்ல அவனே வேணாம்பான்.