முளையில் சுற்றிய கயிறு: ஒரு கணக்குச் சந்தேகம்

வணக்கம். தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ டியூஷன் எடுக்கிறேன். பல்லுறுப்புக் கோவை எத்தனை படியோ, கலப்பெண்களில் (a + ib வடிவ எண்களில்) அத்தனை மூலங்கள், அதாவது கோவையைப் பூச்சியமாக்கும் மதிப்புகள், உண்டு என்றதும், “கண்டுபிடிக்காமலே இருக்குன்னு எப்படி சார் சொல்றீங்க?” என்றான் ஒருவன். நியாயம்தானே.

கரையில் படகுக் கயிற்றை முளையில் மூன்று சுற்று சுற்றி, முனைகளை முடிந்தேன். முளைதான் பூச்சியம்; கயிறு, கோவையின் மதிப்பு போகும் பாதை. மாறி பெரிய வட்டத்தில் ஒருமுறை சுற்றினால், மூன்றாம் படிக் கோவையின் மதிப்பு பூச்சியத்தை மூன்று முறை சுற்றும். வட்டத்தைப் புள்ளியாகச் சுருக்கினால் கயிறும் சுருங்கும். முளையில் படாமல் முடியாது. அங்கேதான் மூலம். பயல் கயிற்றை மேலே தூக்கிக் கழற்றிவிட்டான்! தளத்தில் ‘மேலே’ கிடையாது என்று சமாளித்தேன்.

சுற்று எண்ணிக்கை திடீரென மாறாது என்பதை டோபாலஜி (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளைப் பற்றிய கணிதம்) இல்லாமல் எப்படிப் புரியவைப்பது? இதே தேற்றத்துக்கு 1799-ல் கணித மேதை காஸ் தந்த நிரூபணத்திலேயே இந்த மாதிரி ஓர் ஓட்டை. 1920-ல்தான் ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்ற கணிதவியலாளர் அதை அடைத்தார். இல்லை, கணிதவியலாளர் ஆர்கண்டின் மீச்சிறு மதிப்பு வழியே (கோவையின் அளவு மிகக் குறையும் இடத்தில் அது பூச்சியமாகத்தான் இருக்கும் என்று காட்டுவது) லேசா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.