கஷ்ட நேரத்தில் ஜெபிக்க வார்த்தை வரவில்லை

கேள்வி: மனசு கொதிக்கும்போது "ஸ்தோத்திரம்" என்று வாய் மட்டும் சொல்கிறது. கர்த்தரிடம் "ஏன்?" என்று கேட்டால் அவிசுவாசமா?

பதில் 1: இல்லைங்க. வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐ எடுங்கள், மொத்தம் 6 வசனம்தான். முதல் இரண்டில் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 3, 4-ல் விண்ணப்பம். நம்பிக்கை 5-ல்தான் வருகிறது. நாம் நேரே 5-க்குத் தாவுவதால்தான் ஜெபம் வெறும் வார்த்தையாகிறது. முறையீட்டைச் சத்தமாக, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: யார் என்ன செய்தார், எது பயம், யார்மேல் கோபம். பிறகு ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

பதில் 2: ஐந்தாம் வசனம் அன்றைக்கே வரவேண்டும் என்றும் இல்லை. சங்கீதம் 88 ஆறுதல் இல்லாமலே முடிகிறது. ஆனாலும் முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அதைப் பாடியவர் கர்த்தரைத்தான் கூப்பிடுகிறார். அவரைப் பற்றி மற்றவர்களிடம் முறுமுறுப்பது வேறு, அவரிடமே அழுவது வேறு.

பதில் 3: சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. 1 சாமுவேல் 1-ல் அன்னாள் என்ற பெண் ஜெபித்தபோது அவள் உதடுகள் மட்டுமே அசைந்தன; ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்றே நினைத்தார். அதுவும் வராத நாளில் சங்கீதம் 142-ஐ மெதுவாக வாசியுங்கள், 7 வசனம்.